முகம் காட்டாத தரகு

கல்யாணத் தரகர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் அவருடையது இல்லை, மாப்பிள்ளையும் அவருடையவர் இல்லை, மண்டபமும் அவருக்குச் சொந்தமில்லை. கக்கத்தில் ஒரு ரெக்சின் பை, அதற்குள் முப்பது நாற்பது போட்டோ. எந்த வீட்டில் எந்தப் போட்டோவை எடுத்து நீட்டுவது என்கிற சூட்சுமம்தான் அவருடைய முதலீடு. கல்யாணம் முடிந்தால் கமிஷன். முடியாவிட்டால் ஒரு டம்ளர் காப்பியோடு சரி.

இணையத்தில் அஃபிலியேட் வருமானம் என்கிறார்களே, அது இந்தத் தொழில்தான். அமேசான் 1996இலேயே இதை ஆரம்பித்துவிட்டது. நம் பெயருக்கென்று ஒரு குறியீடு ஒட்டிய லிங்க் தருவார்கள். அதைத் தட்டி யாராவது உள்ளே போய்ப் பொருள் வாங்கினால் நமக்கு ஒரு பங்கு. சரக்கு வைக்க வேண்டாம், பார்சல் கட்ட வேண்டாம், ‘சேலை சாயம் போயிடுச்சு’ என்று யாரும் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கவும் மாட்டார்கள்.

இதில் புதிதாகச் சேர்ந்திருப்பது முகமின்மை. பின்ட்ரஸ்ட், இன்ஸ்டாகிராம் மாதிரி படம்தான் பேச்சு என்றிருக்கும் தளங்களில், தன் முகத்தையோ குரலையோ காட்டாமல், நல்ல பொருள்களின் படங்களைப் பொறுக்கி, ஒரு ரசனையோடு அடுக்கி, லிங்க் போட்டுச் சம்பாதிப்பது. எனக்கு இதில் முதலில் எழுந்த சந்தேகம் ஒன்றுதான். தரகருக்கு முகம்தானே முதல்? ‘இவர் சொன்னால் சரியாக இருக்கும்’ என்கிற நம்பிக்கையை வைத்துத்தானே அவர் பிழைக்கிறார்? முகமில்லாத தரகனை நம்பி யார் பர்ஸைத் திறப்பார்கள்?

பதில் எங்கள் பக்கத்து வீட்டில் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த். நான் பிழைக்க வந்தவன். அவர்கள் நான்கைந்து தலைமுறையாக இருப்பவர்கள். 1860இல் மதராஸிலிருந்து வந்த முதல் கப்பலான ட்ரூரோவையும் அதற்குப் பின்னால் வந்தவற்றையும் பிடித்து வந்த கரும்புத் தோட்டக் கூலிகளின் வம்சம். அந்த வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான். தமிழ் மிச்சமிருப்பது சாமி அறையிலும், ஆயா என்று அவர்கள் கூப்பிடும் பாட்டியின் வாயிலும், புரட்டாசி மாதச் சமையலிலும். அந்த வீட்டுப் பெண் பகலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், ராத்திரியில் பின்ட்ரஸ்டில் ஒரு கணக்கு நடத்துகிறாள். பூஜை அறைக்கான பித்தளைச் சாமான், தீபாவளி அலங்காரம், சின்ன அடுக்குமாடி வீட்டில் சாமி வைக்க ஓர் அலமாரி எப்படி அமைப்பது, இந்த மாதிரி.

“ஏம்மா மூஞ்சியைக் காட்ட மாட்டேங்கிறே?” என்று கேட்டேன்.

“அங்கிள், சாட்ஸ்வொர்த் பத்தி உங்களுக்குத் தெரியாதா? காலையில வீடியோ போட்டா சாயங்காலம் கோயில்ல ஆன்டிமார் எல்லாம் அதையே பேசுவாங்க. அப்புறம் வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு ஊருக்கே காட்டணுமா?”

இரண்டாவது காரணத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. மின்வேலியும் கம்பிக் கதவும் போட்டு வாழ்கிற ஊரில், வீட்டின் உள்ளமைப்பைப் படம் பிடித்துப் பொதுவில் வைப்பதற்கு யாரும் யோசிப்பார்கள். அலுவலகத்தில் பக்க வருமானம் பற்றிக் கேள்வி வரக்கூடாது என்பது மூன்றாவது காரணமாக இருக்கலாம். அதை நான் கேட்கவில்லை.

சரி, முகம் இல்லாமல் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? பின்ட்ரஸ்டைப் பொறுத்தவரை, அதை ஒரு சமூக வலைத்தளம் என்று பார்ப்பதே தப்பு. 2010இல் வந்தது, இப்போது மாதம் 50 கோடிக்கு மேல் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் யாரையும் பார்க்க வருவதில்லை, எதையோ தேடி வருகிறார்கள். ‘சின்ன பூஜை அறை ஐடியா’ என்று தட்டுகிற ஆள் ஏற்கெனவே பாதி முடிவெடுத்தவள். வீடு மாறப்போகிறாள், அல்லது பண்டிகை வரப்போகிறது. கல்யாணத் தரகர் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். இங்கே பெண் வீட்டார் தாமாகவே ஜாதகத்தோடு வந்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில் சரியான பத்துப் படத்தை வரிசையாக நீட்டினால் போதும், யார் நீட்டுகிறார்கள் என்று கேட்பதில்லை. தேர்வில் ஓர் ஒழுங்கு தெரிந்தால் அதுவே முகமாகிவிடுகிறது. பின்ட்ரஸ்டில் படங்களைச் சேர்த்து அடுக்கும் தொகுப்புக்குப் பலகை என்று பெயர். ஒரே பலகையில் குத்துவிளக்கும், ஜிம் ஷூவும், நாய்ப் பட்டையும் கிடந்தால் அங்கே முகமும் இல்லை, யாரும் நிற்பதும் இல்லை.

இதே பின்ட்ரஸ்ட் 2015 பிப்ரவரியில் அஃபிலியேட் லிங்க்குகளை மொத்தமாகத் தடை செய்தது. குப்பை சேர்ந்துவிட்டது என்று காரணம். 2016 மே மாதம் மறுபடி அனுமதித்தது. நடுவில் இருந்த அந்தப் பதினைந்து மாதத்தில் இதையே நம்பியிருந்தவர்களின் பாடு என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடையும் நமதில்லை, படமும் பெரும்பாலும் நமதில்லை, தெருவும் நமதில்லை. தெருவுக்குச் சொந்தக்காரன் நாளைக்குக் கதவைச் சாத்தினால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இன்ஸ்டாகிராம் வேறு மாதிரி. பதிவின் அடியில் எழுதும் லிங்க் அங்கே தட்டினால் திறக்காது. சுயவிவரத்தில் சில, ஸ்டோரியில் ஸ்டிக்கராக ஒன்று, அவ்வளவுதான். ஸ்டோரி ஸ்டிக்கரே 2021 அக்டோபரில்தான் எல்லோருக்கும் கிடைத்தது. அதனால்தான் ‘லிங்க் வேணும்னா கமெண்ட்ல விளக்குன்னு போடுங்க, அனுப்பறேன்’ என்கிற பாணி பெருகியது. போடும் பதிவுக்கு ஆயுளும் குறைவு, இரண்டு மூன்று நாளில் அடியில் போய்விடும். இதைவிடப் பெரிய விஷயம், அடுத்தவர் படத்தை எடுத்து மறுபடி மறுபடி போடும் கணக்குகளைப் பரிந்துரையிலிருந்து விலக்கப்போவதாக 2024 ஏப்ரலில் இன்ஸ்டாகிராம் அறிவித்தது. முகமில்லாத தொகுப்புக் கணக்குகளின் அடிமடியிலேயே கை வைத்த அறிவிப்பு அது. யூடியூப் ஷார்ட்ஸிலும் 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து விளக்கத்திலும் கமெண்டிலும் போடும் லிங்க் வேலை செய்வதில்லை. ஆகவே முகமில்லாதவர்கள் ஒதுங்கும் இடமாகப் பின்ட்ரஸ்ட் ஆகிவிட்டதில் ஆச்சரியம் இல்லை. அங்கே ஒரு படம் ஒரு வருஷம் கழித்தும் தேடலில் மேலே வரும்.

இனி காசு. இதைப் பற்றித்தான் எல்லோரும் மழுப்புகிறார்கள்.

அமெரிக்க அமேசானின் கமிஷன் பட்டியலில் அறைகலன், வீட்டுச் சாமான் வகைக்கு ஒரு காலத்தில் 8 சதவீதம் இருந்தது. 2020 ஏப்ரலில் அது 3 ஆனது. மளிகைக்கு 5 இருந்தது, 1 ஆனது. சமையலறைச் சாமானுக்கு 4.5, துணிமணிக்கு 4. சும்மா கணக்குக்காக ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு படம் பத்தாயிரம் பேர் கண்ணில் படுகிறது, நூறு பேர் லிங்க்கைத் தட்டுகிறார்கள், மூன்று பேர் வாங்குகிறார்கள், ஒவ்வொருவரும் 25 டாலருக்கு. மொத்தம் 75 டாலர், அதில் 3 சதவீதம் என்றால் 2 டாலர் 25 சென்ட். டாலருக்கு 18 ராண்ட் என்று வைத்துக்கொண்டாலும் 40 ராண்ட் சொச்சம். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவார்களே, டர்பனின் ‘பன்னி சௌ’, பத்தாயிரம் கண்ணுக்கு அதில் கால் பங்கு கூடத் தேறாது. இப்படி நூறு படம், இருநூறு படம் ஒரே சமயத்தில் ஓடினால்தான் மாசம் கரன்ட் பில் கட்டுகிற அளவுக்கு ஏதாவது சேரும். அதற்கு அந்தப் பெண்ணுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. முதல் ஆறு மாதத்தில் அவள் சம்பாதித்ததைச் சொன்னால் ‘அங்கிள் எழுதிட்டாரு’ என்று கோபித்துக்கொள்வாள்.

அந்த ஆறு மாதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அமேசான் திட்டத்தில் சேர்ந்து 180 நாளைக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் போட்ட லிங்க்குகளையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். இந்த மாதிரித் திட்டங்களில் எல்லாம் இன்னொரு விதியும் இருக்கும்: நம் லிங்க்கில் நாமே வாங்கினால் செல்லாது, வீட்டார் வாங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். பக்கத்து வீட்டு அம்மா இது தெரியாமல், ‘பொண்ணுக்கு ஒரு உதவியா இருக்கட்டும்’ என்று மகளின் லிங்க் வழியாகவே வெளிநாட்டுக் கடை ஒன்றில் குக்கர் ஆர்டர் செய்துவிட்டார். கமிஷனும் இல்லை, சுங்கவரியும் சேர்ந்து குக்கர் இரண்டு பங்கு விலை. இன்றைக்கும் அந்த வீட்டில் அதில் சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு சிரிப்பு உண்டு.

விற்பனை அறிக்கையை ஒருமுறை அவள் எனக்குக் காட்டினாள். நான் எதிர்பார்த்தது விளக்கு, மணி, தாம்பாளம். அதில் இருந்தது நாய்ச் சாப்பாடு, ஷவர் திரை, ஒரு டஜன் சாக்ஸ். அமேசான் மாதிரிக் கடைகளில் லிங்க்கைத் தட்டி உள்ளே போனவர் 24 மணி நேரத்துக்குள் எதை வாங்கினாலும் பெரும்பாலும் நம் கணக்கில்தான் சேரும். விளக்கைப் பார்க்க வந்தவள் வீட்டு நாய்க்கு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். ஆக, விளக்குப் படம் விளக்கை விற்பதில்லை, கடை வாசல் வரைக்கும் ஆளைக் கொண்டுபோய் விடுகிறது. அந்த 24 மணி நேரம் கழிந்தால் அந்த ஆளுக்கும் நமக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை.

தென்னாப்பிரிக்காவில் உட்கார்ந்து இதைச் செய்பவர்களுக்கு யாரும் சொல்லித்தராத ஒரு சிக்கல் உண்டு: பருவம். முதல் வருஷம் அந்தப் பெண் ஜூன் மாதத்தில் கம்பளிப் போர்வை, சூப் கிண்ணம், ஹீட்டர் என்று ஒரு பலகை போட்டாள். டர்பனில் அப்போது குளிர்காலம், ஜோஹன்னஸ்பர்க்கில் பல்லே கிட்டிப்போகும். ஆனால் அவள் படத்தைப் பார்க்கிறவர்களில் பெரும்பகுதி அமெரிக்காவில். அங்கே கோடை, அவர்கள் தேடிக்கொண்டிருந்தது தோட்டத்துக் குடையும் ஐஸ்கிரீம் அச்சும். பலகையை ஒருவரும் சீந்தவில்லை. டிசம்பரில் நாம் கடற்கரையில் பிராய் போட்டுக் கறி வாட்டிக்கொண்டிருக்கும்போது அவர்கள் சூடாக சாக்லேட் குடித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டு ஜன்னலைப் பார்த்துப் பருவம் கணிக்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

இங்கேதான் சாமி அறை கை கொடுத்தது. தீபாவளி டர்பனில் வசந்தத்தில் வரும், நியூ ஜெர்சியில் இலையுதிர் காலத்தில் வரும். ஆனால் இரண்டு ஊரிலும் ஒரே சமயத்தில்தான் வரும். புரட்டாசியும் நவராத்திரியும் தை மாதமும் பூமத்திய ரேகையைப் பார்ப்பதில்லை. புரட்டாசி முழுக்க வீட்டில் கறி மீன் எடுக்காமல் இருக்கும் வழக்கம் டர்பன் தமிழர்களிடம் எவ்வளவு உறுதியானது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதற்கென்றே தனிப் பாத்திரம் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அந்த மாதத்துக்கான சமையலறையை அடுக்குவது எப்படி என்று தெரிந்தவள் அதைப் படமாகப் போட்டால், டொரன்டோவில் இருக்கிற ஒருத்திக்கும் அது புரியும். அவளுக்கு வருகிற கூட்டத்தில் பாதி இப்போது இந்தப் பலகைகளால்தான். ஒன்று மட்டும், பண்டிகைக்கு ஒன்றரை மாதம், இரண்டு மாதம் முன்னாலேயே படங்களை ஏற்றிவிட வேண்டும். தேடலில் மேலே வர அவ்வளவு காலம் பிடிக்கும். ஆடிக் கூழ் ஊற்றும்போதே அவள் தீபாவளி வேலையைத் தொடங்கிவிடுகிறாள்.

டொரன்டோ என்றதும் இன்னொரு ஓட்டை ஞாபகம் வருகிறது. அமேசானின் திட்டம் நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்கக் கடையின் லிங்க்கைத் தட்டிய கனடாக்காரி, கடைசியில் கனடா கடையில் வாங்கினால் நமக்குச் சல்லிக்காசு வராது. ஒன்லிங்க் என்று ஒரு ஏற்பாட்டைப் பொருத்தினால் பல நாடுகளுக்குத் தானே திருப்பிவிடும், ஆனால் ஒவ்வொரு நாட்டுத் திட்டத்திலும் சேர்ந்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்கென்று அமேசான் கடை திறந்தது 2024 மே மாதத்தில்தான். அதற்கு முன்னால் இங்கே டேக்அலாட் என்கிற இணையக் கடைதான் பெரியண்ணன், இன்றும் கிட்டத்தட்ட அப்படித்தான். உள்ளூர்க் கடைகளின் கமிஷனை இடைத்தரகு நிறுவனங்கள் வழியாக வாங்கலாம். ராண்டிலேயே வரும், பார்சலும் நாலு நாளில் வரும், பார்க்கிற ஆள்தான் குறைவு. கூட்டம் அங்கே, சௌகரியம் இங்கே.

டாலர் வந்து சேர்வதும் தனிக் கதை. அமேசான் ஒரு மாதத்துச் சம்பாத்தியத்தை அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் தரும். அதற்கு முன்னால் ‘நான் அமெரிக்கன் இல்லை’ என்று டபிள்யூ-8 பென் படிவம் நிரப்ப வேண்டும். பணம் இங்கே வங்கிக்கு வந்ததும், அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டு விதிப்படி, இது எதற்கான பணம் என்று நாம் சொன்ன பிறகுதான் வரவு வைப்பார்கள். வரித்துறைக்கும் கணக்குக் காட்ட வேண்டும். சம்பளத்துக்கு மேல் இப்படித் தொழில் வருமானம் வந்தால் பெரும்பாலும் ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் வரியை முன்கூட்டியே கட்டுகிற ப்ரொவிஷனல் டாக்ஸ் படிவம் என்று ஒரு வேலை கூடிவிடும். முகம் காட்டாவிட்டாலும் வரி எண்ணைக் காட்டியே ஆக வேண்டும்.

படங்களுக்கு வருவோம். தொகுப்பது என்றால் என்ன என்பதில் நிறையப் பேர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பின்ட்ரஸ்டில் அடுத்தவர் போட்ட படத்தை நம் பலகையில் சேமித்தால் அவருடைய லிங்க் அப்படியே இருக்கும். அது ஒருவகை மரியாதை. அதே படத்தைத் தரவிறக்கி, நம் பெயரில் ஏற்றி, நம் கமிஷன் லிங்க்கை ஒட்டினால் அதற்குப் பெயர் திருட்டு, ரசனை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தென்னாப்பிரிக்காவின் பதிப்புரிமைச் சட்டம் 1978ஆம் வருஷத்தது. அதற்கு இணையம் தெரியாமல் இருக்கலாம், ஆனால் போட்டோ எடுத்தவருக்கு உரிமை உண்டு என்பது தெரியும். கடைக்காரரின் படத்தையும் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. அமேசான் தன் பொருள் படங்களை லிங்க்கோடு நகலெடுத்துக்கொள்ளத் தந்துவந்த வசதியை 2023 கடைசியில் நிறுத்திவிட்டது.

உடனே எல்லோரும் ஏஐ படத்துக்கு ஓடினார்கள். இவளும் ஒரு வாரம் ஓடிப் பார்த்தாள். பித்தளைக் குத்துவிளக்கு, சுற்றிலும் மல்லிகை, தரையில் கோலம் என்று கேட்டிருக்கிறாள். வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தூரத்திலிருந்து அபாரம். கிட்டே போனால், விளக்கில் ஆறு சுடர், திரி மூன்றுதான். ஒரு சுடர் தண்டிலிருந்து நேராகக் கிளம்புகிறது. கோலத்தின் கம்பி நான்கு புள்ளியைச் சுற்றிவிட்டு, ஐந்தாவதிடம் வந்ததும் வழி தெரியாமல் கரைந்துவிடுகிறது. ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது என்ன வெளக்கு? எண்ணெ எங்க ஊத்தறது?” என்றார்.

அவ்வளவுதான். எண்ணெய் ஊற்ற இடமில்லாத விளக்கைக் காட்டி, லிங்க்கில் வேறொரு விளக்கைக் கோத்தால், வாங்குகிறவள் திருப்பி அனுப்புவாள். பொருள் திரும்பினால் கமிஷனும் திரும்பிப் போய்விடும். 2025இலிருந்து பின்ட்ரஸ்ட் இந்த மாதிரிப் படங்களுக்கு ‘ஏஐ’ என்று ஒரு முத்திரை குத்தவும் ஆரம்பித்துவிட்டது.

சட்டப்படி இன்னொன்று. லிங்க்கில் கமிஷன் உண்டு என்பதைப் பார்க்கிறவருக்குத் தெரியும்படி எழுத வேண்டும். அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி இதைக் கேட்கிறது. தென்னாப்பிரிக்காவில் விளம்பர ஒழுங்குமுறை வாரியத்தின் சமூக ஊடக விதி 2019லிருந்து கேட்கிறது. அமேசான் தன் பங்குக்குத் தனியாக ஒரு வாக்கியமே எழுதிக் கொடுத்திருக்கிறது. இதை எழுதினால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் கல்யாணத் தரகரை மறந்துவிட்டார்கள். அவருக்குக் கமிஷன் உண்டு என்பது தெரிந்துதான் வீட்டுக்குள் கூப்பிட்டுக் காப்பி கொடுக்கிறோம்.

இதெல்லாம் தெரிந்த பிறகு, ‘முகம் காட்டாமல் மாதம் ஐம்பதாயிரம்’ என்று வகுப்பு விற்கிறார்களே, அதை என்னவென்று சொல்வது? அவர்களில் பலருடைய வருமானம் குத்துவிளக்கிலிருந்து வருவதில்லை, வகுப்பிலிருந்து வருகிறது. வகுப்பை வாங்கியவன் அதே வகுப்பை அடுத்தவனுக்கு விற்கும் உரிமையையும் சேர்த்து வாங்குகிறான். 3 சதவீதக் கமிஷனில் பொறுமையாக உட்காருவதைவிட அது வேகமாகப் பணம் தரும்தான். அதன் பெயர் சங்கிலி. சாட்ஸ்வொர்த்தில் இந்த மாதிரிச் சங்கிலிகளில் மாட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், பொருள் மட்டும்தான் அவ்வப்போது மாறும்.

போன மாதம் அவள் ஒரு காரியம் செய்தாள். கடைப் படமும் வேண்டாம், ஏஐ படமும் வேண்டாம், நாமே எடுப்போம் என்று, பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம் பித்தளைச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். அடுக்கடுக்காகக் காமாட்சி விளக்கு, தூபக்கால், மணி. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு விளக்கைத் திருப்பித் திருப்பி வைத்துப் படம் எடுத்தாள். திரி போடும் இடம், எண்ணெய்க் குழி எல்லாம் தெளிவாகத் தெரிகிற மாதிரி. கல்லாவில் இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இதனால் எனக்கு என்ன என்று கேட்டார். கடைக்கு இணையதளம் இல்லை, வாட்ஸ்அப் மட்டும்தான். லிங்க்கும் இல்லை, குறியீடும் இல்லை. ‘என் படத்தைப் பார்த்து வருகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள், அப்படி வருகிற வியாபாரத்தில் எனக்குப் பத்து சதவீதம் கொடுங்கள்’ என்றாள்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. விளக்கை வாங்கித் துணியால் துடைத்து அலமாரியில் வைத்தார். அப்புறம் பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலுமாக, “நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?” என்றார். ஆயாவின் பெயரைச் சொன்னாள். பத்து சதவீதத்துக்குச் சரி என்றார்.